இருபதாயிரம் நஞ்சுக்கொடி, ஒரு ஆள், ஒரு வருஷம்

புரோட்டீன் சுத்தம் பண்ற லேப்ல நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். எனக்கு வேலை கத்துக்கொடுத்த அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க. "ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு மருந்து வேணும், அது நஞ்சுக்கொடிலேர்ந்து மட்டும்தான் எடுக்க முடியும், எத்தனை நஞ்சுக்கொடி தேவைப்படும்னு நினைக்கிற?" நான் பத்துன்னேன். அவங்க சும்மாவே பாத்துட்டு இருந்தாங்க, சரின்னு நூறுன்னேன். சுமார் 20,000-னாங்க. இருபதாயிரம் பிரசவம். ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு வருஷத்துக்கு. அடுத்த வருஷம் மறுபடியும் இருபதாயிரம்.

அந்த மருந்து பேரு செரிடேஸ், அதைப் பண்ண கம்பெனி ஜென்சைம். அன்னிக்கு ராத்திரி அதைப் பத்தி படிக்க ஆரம்பிச்சவ, இத்தனை வருஷம் ஆகியும் விடல. நான் தினமும் செய்யற வேலையோட பாதி பழக்கம் அந்தக் கம்பெனி பட்ட அடியிலேர்ந்து வந்தது, அதனால அது எனக்கு வேற யாரோட கதையாவும் தெரியல.

நோயிலேர்ந்து ஆரம்பிக்கணும். 1882-ல பாரிஸ்ல ஃபிலிப் கோஷேன்னு ஒரு மருத்துவ மாணவர், மண்ணீரல் பயங்கரமா வீங்கிப்போன ஒரு பெண்ணைப் பத்தி தன்னோட ஆய்வேட்டுல எழுதினார். அது மண்ணீரல்ல வந்த கட்டின்னு அவர் நினைச்சார். கட்டி இல்ல அது. நம்ம உடம்புல வயசான ரத்த அணுக்களைத் தின்னு செரிக்கறதுக்குன்னே மேக்ரோஃபேஜ்னு விழுங்குற செல்கள் இருக்கு. தின்ன அணுவோட மேல்தோல்ல ஒரு கொழுப்பு இருக்கும், அதை உடைக்க ஒரு என்சைம் வேணும், குளுகோசெரிப்ரோசிடேஸ்னு பேரு. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் பழுதான ஜீன் வந்த பிள்ளைக்கு அந்த என்சைம் சரியா வேலை செய்யாது. செல் தின்னுக்கிட்டே இருக்கும், செரிக்காது, உப்பிக்கிட்டே போகும். மைக்ரோஸ்கோப்ல பாத்தா உள்ள கசக்கிப்போட்ட மெல்லிசு காகிதம் மாதிரி தெரியும். அந்த உப்பின செல்லெல்லாம் மண்ணீரல்ல, கல்லீரல்ல, எலும்பு மஜ்ஜைல போய் அடைஞ்சுக்கும். வயிறு முன்னாடி தள்ளும், ரத்தம் குறையும், பிளேட்லெட் இறங்கும், எலும்பு வலி வந்தா தொட விடமாட்டாங்க, லேசா இடிச்சாலும் உடையும். அதான் கோஷே நோய். ரொம்ப அபூர்வம், அஷ்கெனாசி யூதர்கள்ல மட்டும் கொஞ்சம் அதிகம்.

என்ன குறையுதுன்னு கண்டுபிடிச்சது அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல இருந்த ராஸ்கோ பிரேடி, 1960-கள் நடுவுல. என்சைம்தான் இல்லைன்னா அதை வெளியிலேர்ந்து குடுத்துடலாமேன்னு அவர் யோசிச்சார். சொல்றதுக்கு ஒரு வரி, ஆனா அதைச் செஞ்சு காட்ட அவருக்கு கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு ஆச்சு. என்சைமை எங்கேர்ந்து எடுக்கறது? மனுஷ உடம்போடதா இருக்கணும், நிறைய கிடைக்கணும், யார்கிட்டேர்ந்தும் பறிச்சதா இருக்கக் கூடாது. நஞ்சுக்கொடி ஒண்ணுதான் அந்த மூணுக்கும் பொருந்துச்சு. பிள்ளை பிறந்ததும் தூக்கிப் போடறது, அதுல இந்த என்சைம் இருக்கு. கொஞ்சமா இருக்கு, ஆனா இருக்கு.

1970-கள்ல ரெண்டு நோயாளிக்கு ஏத்திப் பாத்தாங்க, கல்லீரல்ல அந்தக் கொழுப்பு குறைஞ்சது. சந்தோஷப்பட்டு அடுத்தடுத்து முயற்சி பண்ணா ஒரே மாதிரி பலன் வரல. பிரச்சனை என்னன்னா, ஏத்தின என்சைம்ல பெரும்பகுதி கல்லீரலோட சாதாரண செல்லுக்குள்ள போயிடுச்சு, போக வேண்டிய விழுங்கு செல்லுக்குப் போகல. மருந்து சரி, விலாசம் தப்பு. என்சைம் மேல சங்கிலி சங்கிலியா சர்க்கரை தொங்கும். விழுங்கு செல்லோட மேல்பக்கம் மேனோஸ்ங்கற சர்க்கரையைப் பிடிக்கற கொக்கி இருக்கு. அப்போ சங்கிலியோட நுனில இருக்கற மத்த சர்க்கரையை ஒவ்வொண்ணா வெட்டி எடுத்தா உள்ள இருக்கற மேனோஸ் வெளிய தெரியும், செல் அதைப் பிடிச்சு உள்ள இழுத்துக்கும். இதை பிரேடி குழுல இருந்தவங்க செஞ்சாங்க. என் துறைல இதைவிட அழகான யோசனை எனக்குத் தெரியாது. ஒரு புரோட்டீனோட முடியை வெட்டி, போக வேண்டிய வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது!

கம்பெனி இங்கதான் உள்ள வருது. பிரேடிக்கு நஞ்சுக்கொடிலேர்ந்து என்சைம் எடுத்துக் குடுத்துட்டு இருந்தவர் பாஸ்டன்ல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல இருந்த ஹென்றி பிளேர். அவரும் ஷெரிடன் ஸ்னைடர்ங்கற தொழிலதிபரும் இன்னும் சிலரும் சேர்ந்து 1981-ல ஜென்சைமை ஆரம்பிச்சாங்க. பாஸ்டன்ல அப்போ ரொம்ப மோசமான பேர் வாங்கின ஒரு ஏரியா, காம்பாட் ஸோன்னு சொல்வாங்க, அதுக்குப் பக்கத்துல ஒரு பழைய கட்டடத்துல இடம். சும்மா கனவை மட்டும் வச்சு காசு கரைக்கல, இங்கிலாந்துல என்சைம், கெமிக்கல் விக்கற சின்ன கம்பெனிகளை வாங்கி அதுல வந்த வருமானத்துல ஓட்டினாங்க. பயோடெக் கம்பெனின்னா வருஷக்கணக்குல நஷ்டம்தான்னு எல்லாரும் நினைக்கறப்போ, இவங்க முதல் நாள்லேர்ந்து எதையாவது வித்துட்டு இருந்தது எனக்குப் பிடிக்கும்.

1983-ல ஹென்றி டெர்மீர் வந்து சேர்ந்தார். நெதர்லாந்துக்காரர், பாக்ஸ்டர் கம்பெனில இருந்தவர். விஞ்ஞானி இல்ல, நிர்வாகி. ரெண்டு வருஷத்துல தலைமைப் பொறுப்புக்கு வந்தார், அடுத்த 25 வருஷத்துக்கு மேல ஜென்சைம்னா அவர்தான்.

இப்ப நான் எத்தனை தடவை படிச்சாலும் நின்னுடற இடம். சர்க்கரை வெட்டின அந்த என்சைமை 1980-கள் நடுவுல 8 பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க. ஏழு பேருக்கு ஒண்ணுமே நடக்கல. ஒருத்தனுக்கு மட்டும் நடந்தது. அவன்தான் அந்தக் கூட்டத்துலயே சின்னவன், 4 வயசு பையன், வயிறு முழுக்க மண்ணீரல். அவனுக்கு ரத்தம் ஏறுச்சு, பிளேட்லெட் ஏறுச்சு, மண்ணீரல் சுருங்க ஆரம்பிச்சது. மருந்தை நிறுத்தினாங்க, எல்லாம் திரும்ப இறங்குச்சு. மறுபடி குடுத்தாங்க, மறுபடி ஏறுச்சு.

எட்டுல ஒண்ணு. ஒரு கம்பெனி கூட்டத்துல இதை வச்சு எப்படிப் பேசுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. எட்டுல ஏழு தோல்வின்னுதான் எழுதுவாங்க, நான் உட்கார்ந்திருந்த மீட்டிங்ல இதைவிட நல்ல ரிசல்ட்டையே மூடி வச்சிருக்காங்க. கம்பெனிக்கு ஆலோசனை சொன்ன விஞ்ஞானிகளுக்கும் நம்பிக்கை இல்ல. அவங்க சொன்ன காரணமும் நியாயம்தான், ஒரே ஒரு பையனை வச்சு எப்படி, அதுக்குமேல நஞ்சுக்கொடிக்கு எங்க போறது, அப்போ எய்ட்ஸ் பயம் வேற புதுசா வந்திருந்த நேரம், மனுஷ உடம்புலேர்ந்து எடுத்த எதையும் ஊசில ஏத்த எல்லாரும் யோசிச்சாங்க. ஆனா பதில் அந்தப் பையனோட எடைலயே இருந்தது. எட்டு பேருக்கும் ஒரே அளவு மருந்துதான் குடுத்திருந்தாங்க. பெரியவங்க உடம்புக்கு அது ஒரு மூலைக்குக்கூடப் பத்தாது, இவன் சின்ன உடம்பு, கிலோவுக்குக் கணக்கு போட்டா இவனுக்குப் போனது பல மடங்கு. அப்போ மருந்து வேலை செய்யாம இல்ல, மருந்து பத்தல, அவ்வளவுதான். இதை நம்பி டெர்மீர் இறங்கினார். மத்த ஏழு பேருக்கும் வேணும்கற அளவு குடுக்கணும்னா ஊர் ஊரா நஞ்சுக்கொடி சேர்க்கணும்னு தெரிஞ்சேதான் இறங்கினார்.

அவருக்குக் கைகொடுத்தது ஒரு சட்டம். 1983 ஜனவரில அமெரிக்காவுல அபூர்வ நோய் மருந்துகளுக்கான சட்டம் வந்துச்சு. அதுக்காகப் போராடினது பெரும்பாலும் நோயாளிகளோட குடும்பங்கள், முன்னாடி நின்னவங்க ஆபி மேயர்ஸ்ங்கற ஒரு அம்மா. அமெரிக்காவுல 2 லட்சத்துக்கும் குறைவான பேருக்கு இருக்கற நோய்க்கு மருந்து கொண்டு வந்தா 7 வருஷத்துக்கு அதே மருந்தை வேற யாரும் விக்க முடியாது, வரிச் சலுகையும் உண்டு. இந்தச் சட்டம் இல்லைன்னா சில ஆயிரம் பேருக்காக யாரும் தொழிற்சாலை கட்டியிருக்க மாட்டாங்க.

நஞ்சுக்கொடிக்கு ஃபிரான்ஸ் போனாங்க. லியோன் பக்கத்துல மெரியூ நிறுவனம் ஏற்கெனவே பல நாட்டு ஆஸ்பத்திரிகள்லேர்ந்து நஞ்சுக்கொடியை உறைய வச்சு வாங்கி, அல்புமின், காமா குளோபுலின்னு ரத்தப் புரோட்டீன் எல்லாம் எடுத்துட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட மிஞ்சினதுலேர்ந்து இந்த என்சைமைப் பிரிக்க ஏற்பாடு பண்ணி, முதல் கட்டம் அங்க, கடைசிச் சுத்திகரிப்பு பாஸ்டன்ல. எங்கேயோ ஒரு பிரசவ அறைல ஒரு அம்மாவுக்குத் தெரியாமலே அவ உடம்புலேர்ந்து வந்த ஒரு துளி, வேற கண்டத்துல முகம் தெரியாத ஒருத்தரோட எலும்பைத் தாங்கிப் பிடிச்சது. நஞ்சுக்கொடிங்கற வார்த்தைல நஞ்சுன்னு இருக்கறது எனக்கு இதைப் படிச்ச அப்புறம்தான் உறுத்த ஆரம்பிச்சது.

முக்கியமான சோதனைல இருந்தவங்க மொத்தம் 12 பேர். பன்னிரண்டே பேர். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கிலோவுக்கு 60 யூனிட். எல்லாருக்கும் ஹீமோகுளோபின் ஏறுச்சு, மண்ணீரல் சுருங்குச்சு. 1991 ஏப்ரல்ல அனுமதி கிடைச்சது.

அப்புறம் விலை. யூனிட்டுக்கு சுமார் 3.50 டாலர். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும், கணக்கு போட்டுப் பாருங்க. 70 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கு 4,200 யூனிட், வருஷத்துக்கு 26 தடவை, மொத்தம் 1,09,200 யூனிட், 3 லட்சத்து 82 ஆயிரம் டாலர். ஒரு வருஷத்துக்கு, அதுவும் உயிர் இருக்கற வரைக்கும் வருஷா வருஷம். அந்தக் காலத்துல இதைக் கேட்டு எல்லாரும் அதிர்ந்து போயிட்டாங்க, உலகத்துலயே ரொம்ப விலை உயர்ந்த மருந்துகள்ல ஒண்ணுன்னு பேர் வாங்குச்சு. அமெரிக்க நாடாளுமன்றத்தோட தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1992-ல இதுக்குன்னே ஒரு தனி அறிக்கை போட்டுச்சு. நஞ்சுக்கொடி சேர்த்து, உருக்கி, பிரிச்சு, வெட்டி, சுத்தம் பண்றதுக்கு ஆகற செலவு நிஜமாவே அதிகம்தான், அதை நான் மறுக்கமாட்டேன், அந்த வேலையோட கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா அடிப்படை ஆராய்ச்சி முழுக்க அரசாங்கக் காசுல, பிரேடியோட லேப்ல நடந்தது. அந்தக் காசு குடுத்த ஜனங்களே மறுபடி இந்த விலையைக் குடுக்கணுமாங்கற கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லல.

இதுல அதிகம் பேசப்படாத ஒரு ஆள், எர்னஸ்ட் பாய்ட்லர், கலிஃபோர்னியால ஸ்கிரிப்ஸ் நிறுவனத்துல இருந்த ரத்த நோய் நிபுணர். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா ஊத்தறதுக்கு பதிலா வாரத்துக்கு மூணு தடவை கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா, மொத்த மருந்துல கால் பங்கு போதும்னு அவர் சொன்னார், நோயாளிகளுக்குக் குடுத்தும் காட்டினார். விழுங்கு செல்லோட கொக்கிகள் கொஞ்சம்தான், ஒரே நேரத்துல அவ்வளவையும் பிடிக்க முடியாதுங்கறது அவர் வாதம். இதை வச்சு டாக்டர்களுக்குள்ள வருஷக்கணக்குல சண்டை நடந்தது. கம்பெனி பெரிய டோஸ் பக்கம் நின்னுச்சு. அன்னிக்கு எட்டு பேர்ல ஏழு பேருக்கு மருந்து பத்தலைன்னு கண்டுபிடிச்சவங்களுக்கு, அதிகமா குடுக்கறமோன்னு சந்தேகம் வர்றது கஷ்டம்தான் போல, ஆனா யூனிட் கணக்குல காசு வாங்கறவங்களும் அவங்கதானே. எனக்கு இன்னிக்கும் பாய்ட்லர் மேல ஒரு தனி மரியாதை உண்டு.

எவ்வளவு சேர்த்தாலும் நஞ்சுக்கொடியால எல்லாருக்கும் குடுக்க முடியாதுன்னு கம்பெனிக்கு ஆரம்பத்துலயே தெரியும். அதனால அந்த ஜீனை எடுத்து சீன ஹாம்ஸ்டர்ங்கற எலி மாதிரி ஒரு பிராணியோட சினைப்பை செல்லுக்குள்ள வச்சு, பயோரியாக்டர்ங்கற பெரிய தொட்டில வளர்த்து என்சைமை எடுத்தாங்க. செரிசைம்னு பேரு, 1994-ல அனுமதி. நாங்க லேப்ல சோ செல்னு சொல்றது அதைத்தான், இன்னிக்கு உலகத்துல வர்ற புரோட்டீன் மருந்துகள்ல பெரும்பகுதி அதுலதான் வளருது. அந்த என்சைமையும் சர்க்கரை வெட்டித்தான் அனுப்பணும், அது மாறல. பாஸ்டன்ல சார்ல்ஸ் ஆத்தங்கரைல ஆல்ஸ்டன்ங்கற இடத்துல ஒரு பெரிய தொழிற்சாலை கட்டினாங்க. செங்கல் கட்டடம், ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தா ஏதோ பழைய கல்லூரி மாதிரி இருக்கும், போட்டோல பாத்திருக்கேன். இந்தக் கட்டடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

நஞ்சுக்கொடி தேவையில்லைன்னு ஆனதும் விலை இறங்கும்னு நினைச்சவங்க உண்டு. பெருசா இறங்கல. ஒரு கட்டத்துல செரிசைம் மட்டுமே வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல வித்துச்சு, சில ஆயிரம் நோயாளிகளை வச்சு. அதே சமயம், காசு இல்லைங்கறதுக்காக யாருக்கும் மருந்து நிக்கக் கூடாதுன்னு டெர்மீர் ஒரு கொள்கை வச்சிருந்தார். எகிப்துல ஒரு தொண்டு நிறுவனத்தோட சேர்ந்து இலவசமா குடுத்தாங்க, இந்தியாவுல 1999-லேர்ந்து அப்படி ஒரு இலவசத் திட்டம் நடந்தது. அதனால பிழைச்ச பிள்ளைங்க நிஜம், அவங்க வளர்ந்து கல்யாணம் பண்ணி வேலைக்குப் போறது நிஜம். நான் அதை ஒரு நாளும் சின்னதா நினைக்க மாட்டேன். ஆனா ஒரு பிள்ளையோட உயிர் ஒரு கம்பெனியோட மனசு எப்படி இருக்குங்கறதைப் பொறுத்து இருக்கறது எனக்குப் பயமாவும் இருக்கு. லிஸ்ட்ல பேர் வந்த பிள்ளைக்குக் கிடைக்கும், வராத பிள்ளைக்கு?

ஒரு நோய்க்கு வழி தெரிஞ்சதும் அதே வழில மத்ததுக்கும் போனாங்க. ஃபேப்ரின்னு இதே மாதிரி என்சைம் குறையற ஒரு நோய்க்கு ஃபேப்ரசைம், எம்.பி.எஸ்.னு அதே மாதிரி இன்னொரு நோயோட முதல் வகைக்கு பயோமரின் கம்பெனியோட சேர்ந்து ஆல்டுரசைம், ரெண்டுக்கும் அமெரிக்காவுல 2003-ல அனுமதி. நடுவுல கிட்னி மருந்து, முட்டி ஊசின்னு பல கம்பெனிகளை வாங்கினாங்க, அதெல்லாம் வியாபாரம், எனக்கு அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

பாம்பே நோய் அப்படி இல்ல. ஊர் பேர் இல்ல அது, 1932-ல அதை விவரிச்ச டச்சு டாக்டர் யோஹன்னஸ் பாம்பேவோட பேரு. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து வேலை செஞ்சதுக்காக 1945-ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. தசைல கிளைகோஜன் சேர்ந்துக்கிட்டே போற நோய், பிறந்த குழந்தைக்கு வந்தா இதயம் வீங்கி பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே போயிடும். ஜான் க்ரௌலின்னு ஒரு அப்பா, ரெண்டு பிள்ளைக்கு இந்த நோய். வேலையை விட்டுட்டு, ஓக்லஹோமால இருந்த வில்லியம் கேன்ஃபீல்ட்ங்கற விஞ்ஞானியோட சேர்ந்து நோவாசைம்னு ஒரு கம்பெனியை நடத்தினார். அதை 2001-ல ஜென்சைம் வாங்குச்சு. இப்ப ஜென்சைம் கைல நாலு விதமான பாம்பே என்சைம், வெவ்வேற இடத்துலேர்ந்து வந்தது. எதை எடுக்கறது? நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எலிகள்ல சோதிச்சாங்க. ஜெயிச்சது ஜென்சைம் உள்ளயே பண்ணது. அந்த அப்பா தன் பிள்ளைக்காக கட்டின கம்பெனியோட என்சைம் இல்ல. அந்த ரிசல்ட் வந்த அன்னிக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு என்னால நினைக்கவே முடியல. பிள்ளைங்களுக்கு ஒரு மருந்து கிடைக்கப் போகுதுங்கற நிம்மதியும் அதே பேப்பர்லதானே இருந்திருக்கும். ஜெயிச்ச அந்த என்சைம் 2006-ல மையோசைம்ங்கற பேர்ல வந்துச்சு.

இந்த மையோசைம்தான் பின்னாடி வந்த கஷ்டத்துக்கு ஒரு வகைல வழி விட்டது. பாம்பே நோய்க்கு டோஸ் ரொம்ப அதிகம், தசை முழுக்கப் போய்ச் சேரணும் இல்லையா. எதிர்பார்த்ததைவிட நோயாளிகள் வந்தாங்க. ஆல்ஸ்டன்ல இருந்த ரியாக்டர்களை அதுக்குக் குடுக்க வேண்டி வந்தது. செரிசைம், ஃபேப்ரசைம் ரெண்டும் அதே கட்டடத்துல. சேமிச்சு வச்ச சரக்கு குறைஞ்சுக்கிட்டே வந்தது. பெரிய ரியாக்டர்ல பண்ண மையோசைமை, சின்ன ரியாக்டர்ல வந்ததும் இதுவும் ஒண்ணு இல்ல, வேற மருந்துன்னு அமெரிக்க மருந்து நிர்வாகம் சொல்லிடுச்சு. அதனால அந்த வழியும் அங்க ரொம்ப நாள் அடைபட்டுச்சு. வெளிய இருக்கறவங்களுக்கு இது கிறுக்குத்தனமா தெரியலாம். அதே செல், அதே ஜீன், பாத்திரம்தானே பெருசு? ஆனா பாத்திரம் பெருசானா ஆக்ஸிஜன் போற விதம் மாறும், சர்க்கரைச் சங்கிலி மாறும், சங்கிலி மாறினா விலாசம் மாறும். நிர்வாகம் சொன்னது சரி.

2009 ஜூன். ஆல்ஸ்டன்ல ஒரு ரியாக்டர்ல செல்லு ஒழுங்கா வளரல. தோண்டித் துருவினா வெசிவைரஸ் 2117-னு ஒரு வைரஸ். மனுஷனை ஒண்ணும் பண்றதாத் தெரியல, ஆனா ஹாம்ஸ்டர் செல்லை அழிக்கும். செல்லுக்கு ஊட்டற சத்துப்பொருள் வழியா உள்ள வந்திருக்கலாம்னு சொன்னாங்க. பின்னாடி திரும்பிப் பாத்தா 2008-லயே ஆல்ஸ்டன்லயும் பெல்ஜியத்துல கீல் தொழிற்சாலைலயும் விளைச்சல் குறைஞ்சதுக்கு இதே வைரஸ்தான் காரணம். அப்போ அதைக் கண்டுபிடிக்கற டெஸ்ட் அவங்க கைல இல்ல.

ஒரு தடவை எங்க லேப்ல ஒரு ஃபிளாஸ்க் கலங்கிப்போச்சு. சின்ன ஃபிளாஸ்க்தான். மூணு வாரம் வளர்த்தது, ப்ளீச் ஊத்திக் கொட்டினோம், இன்குபேட்டரைக் கழட்டி மூணு நாள் துடைச்சோம், எதுலேர்ந்து வந்ததுன்னு கடைசி வரைக்கும் தெரியல, அதுக்கப்புறம் ஒரு மாசம் கையுறை மாத்தும்போதெல்லாம் கை நடுங்குச்சு. அதை ஆயிரக்கணக்கான லிட்டருக்குப் பெருக்கிப் பாக்கறேன். அதோட முனைல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கையை நீட்டிட்டு உட்கார்ந்திருக்கற ஆயிரக்கணக்கான பேரையும் சேர்த்துப் பாக்கறேன்.

தொழிற்சாலையை மூடி சுத்தம் பண்ணாங்க. கையிருப்பு இல்ல. உலகம் முழுக்க செரிசைமையும் ஃபேப்ரசைமையும் பங்கு போட்டுக் குடுக்க வேண்டி வந்தது, ஃபேப்ரி நோயாளிகள் ஒரு கட்டத்துல வழக்கமான அளவுல 30 சதவீதம் மட்டும் வாங்கினாங்க. அந்த வருஷக் கடைசில சில குப்பிகள்ல இரும்புத் துகள், ரப்பர், நார் இருக்கறது தெரிஞ்சது. வைரஸாவது யாருக்கும் தெரியாம வந்ததுன்னு சொல்லலாம். இது அப்படி இல்ல. வைரஸ் தெரியறதுக்கு முன்னாடியே, அந்த வருஷம் பிப்ரவரில, மருந்து நிர்வாகம் இந்தத் தொழிற்சாலைக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. 2010 மே மாசம் 17.5 கோடி டாலர் கட்டச் சொல்லி, மேற்பார்வைக்கு ஆள் வச்சு, கோர்ட் வழியா உடன்பாடு போட்டாங்க.

ஃபேப்ரி நோயாளிகள் சிலர் அரசாங்கத்துக்கு மனு போட்டாங்க. இந்த மருந்தோட காப்புரிமை அரசாங்க ஆராய்ச்சிக் காசுல வந்தது, கம்பெனியால பண்ண முடியலன்னா வேற யாருக்காவது பண்ண உரிமை குடுங்கன்னு. அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா மறுத்துட்டாங்க, வேற ஒருத்தர் இன்னிக்கு ஆரம்பிச்சாலும் அனுமதி வாங்கி மருந்து வர வருஷக்கணக்காகும், அதுக்குள்ள இவங்களே சரி பண்ணிடுவாங்கன்னு. நடைமுறைல அது உண்மைதான். ஒரே கம்பெனி, ஒரே தொழிற்சாலைன்னு இருக்க விட்டப்பவே முடிவாயிட்ட விஷயம், மனு போட்ட அன்னிக்கு என்ன மாத்த முடியும்?

கோஷே நோயாளிகளுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஷையர் கம்பெனியோட மருந்துக்கு 2010 பிப்ரவரில அனுமதி குடுத்தாங்க, அப்புறம் 2012-ல இஸ்ரேல்ல ப்ரோட்டாலிக்ஸ் கேரட் செல்லுல வளர்த்த என்சைம் வந்துச்சு. கேரட்ல! செடி செல்லுல வளர்ந்தா மேனோஸ் தானாவே வெளிய தெரியும், தனியா வெட்ட வேண்டியதில்ல. பிரேடியோட லேப்ல ஒவ்வொரு சர்க்கரையா வெட்டினவங்க அதைக் கேட்டு என்ன நினைச்சிருப்பாங்களோ.

பங்கு விலை இறங்குச்சு, கார்ல் ஐகான் மாதிரி முதலீட்டாளர்கள் உள்ள வந்து நெருக்கினாங்க, சனோஃபிங்கற ஃபிரெஞ்சு மருந்து கம்பெனி 2010-ல ஜென்சைமை பங்குக்கு 69 டாலர்னு விலைக்குக் கேட்டுச்சு, டெர்மீர் மாசக்கணக்குல இழுத்துப் பிடிச்சார். கடைசில 2011 பிப்ரவரில 74 டாலர், மொத்தம் 2,000 கோடி டாலருக்கு மேல. டெர்மீர் விலகினார். 2017-ல இறந்துட்டார். எட்டுல ஒண்ணை நம்பினவர் அவர்தான், கையிருப்பு கரையற வரைக்கும் தொழிற்சாலையை ஓட விட்டதும் அவர் நிர்வாகம்தான். ரெண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பத்தி நினைக்க முடியுது என்னால.

2014-ல கோஷே நோய்க்கு எலிகுளுஸ்டாட்னு மாத்திரை வந்துச்சு, ஊசியே வேண்டாம், கொழுப்பு உருவாகறதையே குறைக்கும், தகுந்த பெரியவங்களுக்கு. 2022-ல சனோஃபி தன்னோட எல்லாப் பிரிவுக்கும் ஒரே பேர் வச்சப்போ ஜென்சைம்ங்கற பேரும் போயிடுச்சு.

எங்க லேப்ல ஒவ்வொரு பேட்ச் முடியறப்பவும் வைரஸ் டெஸ்ட் ரிப்போர்ட் வரும், ஒரு பக்கம் முழுக்க வைரஸ் பேரா இருக்கும். எனக்கு வேலை கத்துக்கொடுத்த அக்கா இப்ப வேற இடத்துக்குப் போயிட்டாங்க. புதுசா சேர்ந்த பொண்ணு போன வாரம் அந்தப் பக்கத்தைக் காட்டி, இந்த வெசிவைரஸ் 2117 மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாதே, இதை எதுக்குப் பாக்கறோம்னு கேட்டா. உக்காருன்னு சொல்லி, ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு எத்தனை நஞ்சுக்கொடி வேணும்னு நினைக்கிறன்னு கேட்டேன்.